சாமித்தம்பி அண்ணன் பெண்சாதியை விட்டுப் போன கதை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வைக்கிறோம், உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஓய்வு பெற்றவளை யார் தேடி வருகிறார்கள்? "தமிழில பேசட்டுமா?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தமிழில எண்டா மொழிபெயர்க்க ஆள் பிடிக்கணும் மிஸ்" என்றது ஒரு பிள்ளை. இன்னொன்று, இப்போதெல்லாம் தொலைபேசியே மொழிபெயர்த்துவிடும், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னது. போனேன். ஆங்கிலத்தில் பேசினேன். தந்த ரோல்ஸையும் தேநீரையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே வாயில் வராத கதையை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது நீதிமன்றத்தில். கோட்டில் மொழிபெயர்ப்பவரை எங்கள் பக்கம் முதலியார் என்பார்கள். அங்கே கற்ற பாடம் ஒன்றுதான்: பேசுகிறவன் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் வெட்டினாராம்' என்ற கதை கிடையாது. 'நான் வெட்டினேன்' என்று நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், மட்டக்களப்பு மாவட்டத்தில் என்னளவு வெட்டுக்குத்தையும் மாட்டுக் களவையும் ஒப்புக்கொண்ட பெண் வேறு எவளும் இருக்க மாட்டாள். அதற்காக நான் ஒரு நாளும் மறியலில் கம்பி எண்ணியதில்லை.

பிறகு சுனாமி வந்தது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும். என் சின்னம்மாவையும் அவளுடைய பேரப்பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது, இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடல் வந்து திரும்பிப் போனது. பின்னால் ஆங்கிலம் வந்தது, அது போகவில்லை. மீன் வாடிக் கொட்டில்கள் இருந்த இடங்களில் எல்லாம் தொண்டு நிறுவனங்களின் பலகைகள் முளைத்தன. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அப்போது இருந்த கிராக்கி பொன்னுக்கும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்திமார் சோக்கட்டியை வைத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். நானும் நீதிமன்றத்தை விட்டு வந்து, வீடு கட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன்.

எங்களுக்கு மேலதிகாரி சிவகுரு சேர். வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மட்டக்களப்பில் பிறந்து, வளர்ந்து, பக்கத்து ஊரிலேயே கலியாணம் முடித்தவர். ஆனால் அலுவலக வேலையில் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது. ஊர்க்கூட்டம் என்றால் சேர் எழுந்து நின்று, காற்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பூவரச மரத்தைப் பார்ப்பார். நான் அதைத் தமிழில் சொல்வேன். சனங்கள் தமிழில் பதில் சொல்வார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கும், ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகுதான் தலையாட்டுவார். யாராவது பகிடி விட்டால்கூட, மொழிபெயர்ப்பு வந்து சேரும் வரை சிரிக்க மாட்டார். ஊர் முழுக்கச் சிரித்து ஓய்ந்த பிறகு சேர் தனியாகச் சிரிப்பார். ஒரு சொல்லை நான் விட்டுவிட்டால், "யூ மிஸ்ட் சஸ்டைனபிள்" என்று பிடித்துவிடுவார். சஸ்டைனபிளை எங்கள் ஊர்த் தமிழில் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் விடுகிறேன்?

அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தால் மட்டும் மரத்துக்குப் பின்னால் போவார். "ஓம்கா, மறக்கல்ல. தேங்காயும் வாங்கிட்டு வாறன்" என்று பவ்வியமாகக் கேட்கும். முன்னால் வரும்போது மறுபடியும் ஆங்கிலம்.

மனிதர் கெட்டவரில்லை. முன்பு கொழும்பில் ஒரு கூட்டத்தில் இவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் ஆங்கிலத்தைப் பிடித்தவர் விடவில்லை. ஆங்கிலம் எங்களைக் காப்பாற்றியதும் உண்டு, மறைக்கக் கூடாது. சோதனைச் சாவடியில் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் வராது. நடுவில் நாலு சொல் ஆங்கிலம் இருந்தபடியால் எத்தனையோ பேர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாருக்கும் மேலே மார்த்தா இருந்தாள். ஐரோப்பாவில் எங்கேயோ சின்ன நாட்டுக்காரி. அவளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. யோசித்து யோசித்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். ஆகக்கூடி, அலுவலகத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில்தான் நாங்கள் எல்லாரும் கூட்டம் வைத்தோம்.

கல்குடாப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு ஊர். அங்கே வீடு கட்டுவதென்று முடிவாகி, பெயர் பதியப் போனோம். திட்டத்தின் விதி, வீடு 'ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட்' பெயரில் போகும் என்றது. நான் அதைத் தமிழில் 'குடும்பத் தலைவர்' என்று சொன்னேன். நிறுவனத்துப் பையன்கள் மளமளவென்று ஆம்பிளைகளின் பெயர்களை எழுதினார்கள்.

வெளியூர் வாசகருக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் வீடு என்பது பெண்ணுடையது. தாயின் வீடு மகளுக்குப் போகும். கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்சாதியின் வீட்டுக்கு வந்து இருப்பான். சண்டை வந்தால் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகிறவன் அவன்தான், அவள் இல்லை. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் இதே வழக்கம்தான். பெயர் எழுதிய பையன்கள், வாகனம் ஓட்டியவர், சிவகுரு சேர், எல்லாரும் அன்றைக்குக் காலையில் பெண்சாதியின் வீட்டில் முகம் கழுவிவிட்டு வந்தவர்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் ஒருவருக்கும் அது நினைவில்லை. வாயால் சொன்ன எனக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது கண்மணியக்காவுக்கு. இறால் விற்கிறவ. கடல் அவவின் வீட்டை அத்திவாரத்தோடு எடுத்துக்கொண்டது. கூட்டம் கலைந்த பிறகு என் கையைப் பிடித்தா.

"தங்கச்சி, வீடு அவர்ட பேரில வந்தா என்ட சுதாட கதை என்ன?"

சுதா அவவின் ஒரே மகள். அவளைக் கட்ட இருந்தவன் முறை மச்சான், கட்டாரில் வேலை செய்கிறவன். அவனுடைய தாய் நல்லம்மா, கண்மணியக்காவின் புருஷன் சாமித்தம்பி அண்ணனின் கூடப்பிறந்த தங்கச்சி. அந்த நல்லம்மா சொல்லி அனுப்பியிருந்தா: "வீடு மதினிட பேரில எண்டா அது சுதாட வீடு, எனக்கு ஒரு எழுத்தும் தேவையில்ல. அண்ணன்ட பேரில எண்டா என்ட மகன் மாமன்ட வீட்டிலயா போய்க் கிடக்கிற? பெண்சாதிட வீட்டில இருந்தாத்தான் ஆம்பிளைக்கு மரியாதை." வீட்டைப் பல வருஷத்துக்குக் கைமாற்றவும் முடியாது என்று விதியில் இருந்தது. பெயர் மாறாவிட்டால் கலியாணம் இல்லை. சுதா அந்தப் பையனைத் தவிர வேறொருவனை நினைக்கவும் மாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

சிவகுரு சேரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்மணியக்கா தமிழில் சொன்னா. அவருக்கு விளங்கியது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: புருஷன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுப் போயிருக்க வேண்டும், அப்போதுதான் பெண் தலைவியாகலாம்.

கண்மணியக்கா இரண்டு வழியையும் விரல் விட்டு எண்ணினா. "சாகிறது சரிவராது" என்றா. "விட்டிட்டுப் போகச் சொல்லுறன்."

சாமித்தம்பி அண்ணன் வாவியில் வலை போடுகிறவர். அதிகம் கதைக்காத மனிதர். பெண்சாதி சொன்னதைக் கேட்டு, வலையை மடித்து வைத்துவிட்டு, "எப்ப போக?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த நாள் ஒரு பையில் உடுக்கிற சாரம் இரண்டைப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்கத் தங்கச்சி நல்லம்மா வீட்டுக்குப் போனார். வழியில் கண்டவர்கள் எல்லாரும், "என்ன மாமா, விட்டிட்டுப் போறீங்களோ?" என்று கேட்டு வழியனுப்பினார்கள். அவரும், "ஓம் மனே, போயிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

போனவருக்கு மத்தியானச் சோறு தங்கச்சி வீட்டில் இறங்கவில்லை. நல்லம்மா மீனுக்குப் புளி கூடப் போடுவாவாம். அதனால் பிரிந்து போன புருஷன் தினமும் மத்தியானம் சுனாமிக்குப் பிறகு அடித்துத் தந்த பெண்சாதியின் தறப்பாள் கொட்டிலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்தா, புருஷன் விட்டுப் போனது உண்மையா என்று மார்த்தா விசாரிக்க வர வேண்டும்? சேரும் நானும் கூட. சாமித்தம்பி அண்ணன் சோற்றுக் கோப்பையும் கையுமாக, வாயில் நண்டுக்காலோடு அகப்பட்டார்.

இவர் யார் என்று மார்த்தா கேட்டாள்.

கண்மணியக்கா அசையவில்லை. "இவர் சாப்பிட வந்தவர்" என்றா.

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை. சிவகுரு சேர் பூவரச மரத்தைத் தேடினார், அங்கே மரம் இல்லை.

இவர்தான் புருஷன் என்பது கடைசியில் வெளியே வந்தது. உன்னை அடிப்பாரா என்று மார்த்தா இரக்கத்தோடு கேட்டாள். "இவரா? இவருக்கு நண்டு உடைச்சுக் குடுக்கவே நான் வேணும்" என்றா கண்மணியக்கா. மார்த்தாவின் கண் கலங்கிவிட்டது. அடிக்காத புருஷன், பசிக்குத் தேடி வருகிறான், இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கலாம் என்று அவளுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. அடுத்த கிழமையே உளவளத்துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்பினாள்.

அந்தப் பிள்ளையின் பெயர் ஷர்மிளா. நல்ல பிள்ளை, ஏறாத பட்டறை இல்லை. சாமித்தம்பி அண்ணனைப் பாயில் இருத்தி, "அங்கிள், உங்கட ஃபீலிங்ஸக் கொஞ்சம் ஷெயார் பண்ணுங்க" என்றாள்.

"அதெல்லாம் என்னட்ட இல்ல மகள். கொஞ்சம் இறால் கிடக்கு, கொண்டு போறியா?"

பெண்சாதியைப் பற்றிக் குறை ஏதாவது சொல்லும்படி ஊரே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, கடைசியில், "அவ சோத்த நேரத்துக்குத் தந்திருவா" என்று குறை சொன்னார். நல்ல முன்னேற்றம் என்று ஷர்மிளா அலுவலகத்தில் வந்து சொன்னாள். முன்னேறினால் வீடு போய்விடும் என்று நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? நான் சொல்லத் தொடங்கினால் மொழிபெயர்ப்பாளர் வேலை போய்விடும். கேட்டதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

இதெல்லாம் சில கிழமைக் கூத்து என்றுதான் நினைத்திருந்தோம். அதற்குள் நாட்டில் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கத்துச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. வெள்ளைக்காரரை எல்லாம் கொழும்புக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் வீடுகள் யன்னல் மட்டத்தோடு நின்றன. ஷெல் குண்டுச் சத்தம் கேட்கும் நாட்களில் சாமித்தம்பி அண்ணன் தங்கச்சி வீட்டிலிருந்து ஓடி வந்து, பெண்சாதியும் மகளும் இருக்கும் கொட்டிலின் வாசலில் உட்கார்ந்துகொள்வார். அந்த நாட்களில் ஊரில் ஒருவரும் பகிடி விடவில்லை. சத்தம் நின்றதும் திரும்பிப் போவார். நிறுவனத்தின் கணக்கில் அவர் விட்டுப் போனவராகவே இருந்தார். ஒருமுறை என்னிடம், "தங்கச்சி, நான் எப்ப வீட்ட வாற?" என்று கேட்டார்.  சாப்பாட்டுக்குக் கேட்கவில்லை அந்த மனிதர்.

போர் முடிந்த வருஷம் மார்த்தா திரும்பி வந்தாள், வீடுகளும் ஒருவழியாக எழும்பின. வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கொடுக்கும் விழா வைத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, வாசலில் நிறைகுடம், அதற்கு மேலே ஆங்கிலத்தில் பதாகை. முதல் திறப்பு யாருக்கு என்று மார்த்தா எங்களிடம் பெருமையோடு சொன்னாள்: பிரிந்து சேர்ந்த குடும்பத்துக்கு. ஷர்மிளா சேர்த்து வைத்துவிட்டதாக அறிக்கை எழுதியிருந்தாள், அவளுடைய வெற்றிக் கதை அதுதான். சேர்ந்துவிட்டார்கள் என்றால் தலைவர் சாமித்தம்பி. தலைவர் அவர் என்றால் சுதாவுக்குக் கலியாணம் இல்லை. முன்வரிசையில் நல்லம்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. அவவுக்குப் பின்னால் சுதா, சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சிவகுரு சேர் ஆங்கிலத்தில் பெயரை வாசித்தார். நான் தமிழில் வாசித்தேன். சாமித்தம்பி அண்ணன், கலியாணத்துக்குப் போட்ட வேட்டியோ என்னவோ, பழுப்பேறிய பட்டு வேட்டியோடு மேடைக்கு வந்தார். மார்த்தா திறப்பை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகக் கதை வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "என்ட அம்மா என்னைக் கண்மணிட வீட்ட அனுப்பக்குள்ள ஒரு பாயும் ஒரு சேட்டும்தான் தந்து விட்டவ. திறப்புத் தரல்ல. வீடு அவட. கடல் கொண்டு போனதும் அவட வீடுதான், என்ட இல்ல. நான் விட்டிட்டுப் போனன் எண்டதும் பொய். எனக்கு அவ இல்லாம ஒரு நாள் ஏலாது. இதை நான் வாங்கினா என்ட பிள்ளைக்கு வாழ்க்கை இல்ல."

 நான் கோட்டில் பழகியபடி அவ்வளவையும் 'நான்' போட்டு மார்த்தாவுக்குச் சொன்னேன். அவ இல்லாமல் ஒரு நாள் ஏலாது என்ற இடத்தில் எனக்குக் குரல் நடுங்கிவிட்டது. எத்தனையோ கொலையை ஒப்புக்கொண்டபோது நடுங்காத குரல்.

மார்த்தா குழம்பிப் போய்ச் சிவகுரு சேரைப் பார்த்தாள். இது உண்மையா, இங்கே வழக்கம் அப்படியா என்று கேட்டாள்.

சேர் வாயைத் திறந்தார். ஆங்கிலம் வரவில்லை. திறந்த வாயை மூடி, காற்சட்டையை மேலே இழுத்துவிட்டு, சாமித்தம்பி அண்ணனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"எனக்குப் பாயும் தரல்ல அண்ணே. தலகாணி ஒண்டுதான் தந்தவ. நான் இருக்கிறதும் பெண்சாதிட வீடுதான்."

ஊர் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கூவியது. அன்றைக்கு சேரும் ஊரோடு சேர்ந்து, அதே நேரத்தில் சிரித்தார். முதல் தடவையாக நான் சேருடைய தமிழை ஆங்கிலத்தில் சொன்னேன்: எனக்குத் தலையணை ஒன்றுதான் தந்தார்கள்.

மார்த்தா சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமாக என்னுடன் வேலை செய்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். சேர் தலையைச் சொறிந்தார். அதற்கும் தமிழிலேயே பதில் சொன்னார்.

"இங்கிலீஷில அது எனக்கு ஞாபகம் வரல்ல."

அதை நான் மொழிபெயர்த்தபோது மார்த்தா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், தனக்கும் ஆங்கிலத்தில் பல விஷயம் ஞாபகம் வருவதில்லை என்று. மேடையை விட்டு இறங்கிப் போய், திறப்பைக் கண்மணியக்காவிடம் நீட்டினாள். கண்மணியக்கா ஈரமில்லாத கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினா. நல்லம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தா. சுதா குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த பெயரைச் சேர் வாசிக்கும்போது, வரிசையில் நின்ற ஆம்பிளைகள் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். பெண்சாதிமார் முன்னால் வந்தார்கள். பெண்சாதியைக் கடலுக்குக் கொடுத்த கிழவர் ஒருவர் மட்டும் யாரை முன்னால் விடுவது என்று தெரியாமல் நின்று, பிறகு மகளைக் கூப்பிட்டார். மார்த்தா மேலிடத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்டினாளோ தெரியாது. வீட்டு உறுதிப் பத்திரம் வந்தபோது தலைவர் என்று இருந்த இடத்தில் பெண்களின் பெயர்கள் இருந்தன. அந்தச் சொல்லை மட்டும் மாற்ற மாட்டோம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

திங்கட்கிழமை நான் அலுவலகம் போனேன். சிவகுரு சேர் எழுந்து நின்று, காற்சட்டையை மேலே இழுத்துவிட்டு, ஆங்கிலத்தில் கூட்டத்தைத் தொடங்கினார். ஒரு வித்தியாசம்தான். பகிடிக்கு மட்டும் இனி அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை.

சுதாவின் கலியாணத்துக்குக் கண்மணியக்கா வந்து அழைத்தா. மாப்பிள்ளை கட்டாரில் தன் கூட்டாளிகளுக்கும் அனுப்ப வேண்டுமென்று அழைப்பிதழை ஆங்கிலத்தில் மட்டும் அடித்திருந்தான். தங்க எழுத்து, நல்ல தடித்த மட்டை. "ஒருக்கா வாசி தங்கச்சி" என்றா. 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் சாமித்தம்பி' என்று வாசித்தேன்.

"என்ட பேர் எங்க?"

மிஸிஸ் என்று இருக்கிறது நீங்கள்தான் என்று விரலை வைத்துக் காட்டினேன். கண்மணியக்கா அந்த இடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. அவவின் இடுப்பில் பெட்டித் திறப்போடு சேர்த்துச் செருகியிருந்த வீட்டுத் திறப்பு, குனிந்தபோது சிணுங்கியது.

"சரி, கிடக்கட்டும்" என்று அழைப்பிதழை என்னிடம் தந்தா. "அது ஒரு நாளைக்குத்தானே. கலியாணத்தண்டு அவரே வாசலில நிண்டு வாங்க, வாங்க எண்டு சொல்லட்டும். உள்ளுக்க நான் இருப்பன்."